மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்

புனேக்குத் தென்மேற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் சிம்ஹகட் கோட்டை இருக்கிறது. 1670-ல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே இரவோடு இரவாகப் பாறைச்சுவர் ஏறி, தன் உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை அது. இன்று விடுமுறை நாள்களின் விடியலில் அங்கே ஏறுகிறவர்களில் சைக்கிள்காரர்கள் நிறைய. நகரத்திலிருந்து கடக்வாஸ்லா ஏரிக்கரை வழியாக வந்து, அடிவாரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு, கோட்டை வாசல்வரை மிதிக்கிறார்கள். மேலே மண்சட்டித் தயிரும் பிட்லா-பாக்ரியும் காத்திருக்கும். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சாலை, ஏறத்தாழ 600 மீட்டர் உயரம். நூறு மீட்டர் முன்னே போனால் ஆறேழு மீட்டர் மேலே போயிருப்போம்.

ஓரளவு பழகிய ஒருவர் இதை ஒரு மணி நேரத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் உடலில் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மலைச்சாலையின் ஓரத்தில் மரம் ஏன் வேண்டும், அந்தச் சாலை ஏன் அமைதியாக இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு இயற்பியலே பதில் சொல்லிவிடுகிறது. அழகு, மனநிம்மதி என்ற காரணங்கள் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் அவற்றைச் சொன்னால் அதிகாரிகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எண்கள் இருந்தால் நின்று பேசலாம்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. 80 கிலோவை 600 மீட்டர் உயர்த்த சுமார் 4,70,000 ஜூல் ஆற்றல் வேண்டும். அதை 3,600 நொடிகளில் செய்தால் நொடிக்கு 131 ஜூல், அதாவது 131 வாட். இதோடு டயர் சாலையில் உருளும்போது இழக்கும் ஆற்றல் பன்னிரண்டு வாட்டுக்குப் பக்கம். காற்றைக் கிழிக்க வெறும் மூன்று, நான்கு வாட். மொத்தத்தில் 150-ஐ நெருங்குகிறது. இதே 150 வாட்டைச் சமதளத்தில் செலவிட்டால் மணிக்கு 28 கிலோமீட்டர் போகலாம். அங்கே முக்கால்வாசி உழைப்பைக் காற்று வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சமதளத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டுகிறார்கள். முன்னால் போகிறவர் காற்றைத் தாங்க, பின்னால் வருகிறவருக்கு வேலை குறைகிறது. மலையில் அந்த உதவி இல்லை. உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு புவியீர்ப்புக்குப் போகிறது. அதை யாரும் யாருக்காகவும் மறைத்து நிற்க முடியாது.

எடை குறைந்த சைக்கிளுக்கு லட்சக்கணக்கில் செலவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம். 15 கிலோ சைக்கிளை விட்டு 8 கிலோ கார்பன் சைக்கிளுக்கு மாறினால் மிச்சமாகும் 7 கிலோ, சிம்ஹகட் ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தையே குறைக்கும். பந்தயக்காரருக்கு அது பெரிய லாபம். ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு அது அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கியர் முக்கியம். அதுவும் வேகத்துக்காக அல்ல, முழங்காலுக்காக. ஒரு காலத்தில் புனேயைச் சைக்கிள் நகரம் என்றே அழைத்தார்கள். ஆலைக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் மக்கள் ஓட்டியதெல்லாம் கியர் இல்லாத, இருபது கிலோ எடையுள்ள கறுப்பு சைக்கிள்கள். அவற்றில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதளத்துக்கு அது பொருத்தம். சிம்ஹகட் சரிவிலோ, மணிக்கு 9 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 28 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 30 கிலோ எடையை அழுத்த வேண்டியிருக்கும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் கொடுக்கும் விசை பெரிதாகப் பயன்படாது. ஆகவே நடுவில் கீழிறங்கும்போது அது ஐம்பது கிலோவை எட்டும். மனிதர் எழுந்து நின்று மிதிப்பார். கொஞ்ச தூரத்தில் இறங்கித் தள்ளுவார். ஒரு சுற்றுக்கு இரண்டே கால் மீட்டர் மட்டும் நகரும் சின்ன கியர் இருந்தால், நிமிடத்துக்கு 67 சுற்று, சராசரி அழுத்தம் 12 கிலோ. செய்யும் வேலை ஏறத்தாழ அதேதான். அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பதால் தசை நீடித்து உழைக்கிறது.

2026 ஜனவரியில் புனே மாவட்டச் சாலைகளில் ‘புனே கிராண்ட் டூர்’ என்ற சர்வதேசப் பல நாள் பந்தயம் நடந்தது. இத்தகைய பல நாள் பந்தயங்களில் ஓட்டும், உலகின் முன்னணித் தொழில்முறை வீரர் ஒருவரால் ஏற்றத்தில் 400 வாட் அளவுக்கு இருபது நிமிடம் கொடுக்க முடியும். சிம்ஹகட்டை அவர் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் முடித்துவிடுவார் என்று கணக்கு சொல்கிறது. நம்மில் பெரும்பாலோர் 100-க்கும் 150-க்கும் இடையில்தான். ஆகவே மலை நம்மை மெதுவாக்குகிறது. அந்த மெதுவிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

மனிதத் தசை ஒரு நல்ல எந்திரம்தான், ஆனால் சூடான எந்திரம். உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் கால்பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பம். 150 வாட்டை மிதிப்பவரின் உடலுக்குள் ஏறத்தாழ 500 வாட் வெப்பம் பிறந்துகொண்டிருக்கிறது. அதை வெளியேற்றாவிட்டால் உடல் வெப்பநிலை சில நிமிடங்களிலேயே உயரத் தொடங்கும். வெளியேற்ற உடலுக்குத் தெரிந்த முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். ஆவியாவது என்றால், சொட்டிச் சாலையில் விழுவது கணக்கில் வராது. தோலின் மேலேயே ஆவியாக வேண்டும். அதற்குக் காற்று வீச வேண்டும்.

சமதளத்தில் அந்தக் காற்றை வேகமே உண்டாக்கிக் கொடுக்கிறது. மணிக்கு 28 கிலோமீட்டரில் முகத்திலும் மார்பிலும் எப்போதும் ஒரு நல்ல காற்று. அதே உழைப்பு, அதே 500 வாட் வெப்பம், ஆனால் வேகம் 9 கிலோமீட்டர் என்றால் காற்று மூன்றில் ஒரு பங்கு. பின்பக்கமிருந்து மெல்லிய காற்று வீசினால் அதுவும் இல்லை. சைக்கிள்காரரை ஏற்றத்தில் வீழ்த்துவது பெரும்பாலும் காலின் களைப்பு என்று நினைக்கிறோம். பல நேரம் காலுக்கு முன்னால் உடல் சூடு எல்லையைத் தொட்டுவிடுகிறது. மூளை அதை உணர்ந்து, தசைகளுக்குப் போகும் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. கால் ஓய்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில்தான் மரம் வருகிறது. ஏப்ரல், மே மாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 900 வாட் அளவுக்கு வெயில் விழும். குனிந்து மிதிக்கும் உடல் அதில் 200 வாட்டுக்குக் குறையாமல் உள்வாங்கும். வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 55, 60 டிகிரியைத் தொடும். அது கீழிருந்து வெப்பக் கதிரை வீசும். ஆக, உள்ளே பிறக்கும் 500 வாட்டோடு வெளியிலிருந்து அதில் பாதிக்குப் பக்கமாக இன்னொரு சுமை வந்து சேர்கிறது. அதையும் வியர்வையே தூக்க வேண்டும். மரங்கள் சாலைக்கு மேல் கை கோத்து நிற்கும் இடத்தில் இந்த இரண்டாவது சுமை பெரும்பாலும் இல்லை. இலைகள் நீராவியை விட்டுக்கொண்டிருப்பதால் அவை தாமும் அதிகம் சூடாவதில்லை. அடியில் இருக்கும் தாரும் குளிர்ந்தே கிடக்கிறது. வேகமாகப் போகிறவருக்கு நிழல் ஒரு சுகம். 9 கிலோமீட்டரில் ஏறுகிறவருக்கு அது குளிரூட்டும் ஏற்பாட்டின் ஒரு பாகம்.

உயரமும் கொஞ்சம் உதவும். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. புனே நகரம் 560 மீட்டரில் இருக்கிறது. சிம்ஹகட் உச்சியில் அதைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் மட்டும் இது தலைகீழாகும். இரவில் குளிர்ந்த கனமான காற்று வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும். ஏரிக்கரையில் விரல் மரத்துப்போக ஓட்டியவர், நூறு மீட்டர் ஏறியதும் வெதுவெதுப்பான காற்றுக்குள் நுழைவார்.

சிம்ஹகட் கூட்டமான இடம். நான் சொல்ல வரும் அமைதியான சாலை, புனேயிலிருந்து மேற்கே பவுட் வழியாக முள்ஷி ஏரிக்கும், அங்கிருந்து தாம்ஹிணி கணவாய்க்கும் போகும் சாலை. இதன் குணம் நம் ஊர் மலைச்சாலைகளிலிருந்து வேறு. கொல்லிமலைக்குப் போனால் அடிவாரம் தெரியும், 70 கொண்டை ஊசி வளைவு, பிறகு மேலே. தாம்ஹிணியில் அடிவாரம் எது என்று புனேயிலிருந்து போகிறவருக்குத் தெரியாது. சாலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அறுபது எழுபது கிலோமீட்டர் போன பிறகு திடீரென்று தரை முடிந்துவிடும். கண்ணெதிரே கடலோரக் கொங்கணம் ஐந்நூறு அறுநூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும்.

காரணம் கல்லில் இருக்கிறது. நீலகிரியின் பாறை இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பூமியின் ஆழத்தில் வெந்து, உயர்ந்து வந்தது. புனேயைச் சுற்றியுள்ள சஹ்யாத்ரியோ சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவுகள் வழியே பொங்கிப் பரவிய எரிமலைக் குழம்பு. ஒரு படலம் ஓடி ஆறும். அதன் மேல் அடுத்த படலம். இன்றும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்கு அந்தக் கருங்கல் பரந்து கிடக்கிறது. மலைகளின் உச்சி தட்டையாகவும், பக்கம் படிப்படியாகவும் இருப்பது இதனால்தான். சிவாஜிக்குக் கிடைத்த மலைக்கோட்டைகளில் பல இப்படித் தட்டை உச்சியும் செங்குத்துச் சுவரும் கொண்டவை. இந்த அடுக்கின் மேற்கு விளிம்பு உடைந்து, அரிக்கப்பட்டு, கொங்கணத்தை நோக்கி ஒரு பெருஞ்சுவராக நிற்கிறது. புனே அந்தச் சுவரின் மேல்தளத்தில் இருக்கிறது. ஆகவே மேற்கே போகிறவர் மலை ஏறுவதில்லை, மலையின் மேலேயே போய் விளிம்பை அடைகிறார்.

மேலும் கீழுமாகப் போகும் இத்தகைய சாலையில், ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கத்தில் மீட்டுவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறோம். முடியாது. 9 கிலோமீட்டர் ஏற ஒரு மணி. அதே தூரத்தை 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கக் கால் மணி. சராசரி வேகம் 22 அல்ல, 14 சொச்சம். மெதுவாகப் போகும் பகுதியில்தான் நேரம் முழுவதும் கழிகிறது. ஓடைப்பாலத்துச் சிறு பள்ளங்கள் மட்டும் விதிவிலக்கு. மணிக்கு 40-ல் உருண்டு இறங்குகிறவரிடம் இருக்கும் இயக்க ஆற்றல், பெடல் தொடாமலே எதிர்க்கரையில் ஆறு மீட்டர் உயரம்வரை ஏற்றிவிடும். பாலத்தில் பிரேக் பிடிப்பவர் அந்த ஆறு மீட்டரைத் தன் காலால் திரும்பவும் வாங்க வேண்டும்.

முள்ஷி ஏரி சஹ்யாத்ரியின் அந்தப் பெருஞ்சுவரை இன்னொரு விதமாகப் பயன்படுத்துகிறது. டாட்டா நிறுவனம் 1920-களில் கட்டிய அணை. நிலம் இழந்த விவசாயிகள் சேனாபதி பாபட் தலைமையில் 1921 முதல் 1924 வரை நடத்திய சத்தியாக்கிரகம் அணைகளுக்கு எதிரான உலகின் முதல் போராட்டங்களில் ஒன்று. கிழக்கே ஓட வேண்டிய தண்ணீர் மேற்கே திருப்பப்பட்டு, சுமார் 500 மீட்டர் கீழே பீராவில் உள்ள மின்நிலையத்தில் போய் விழுகிறது. 1927-லிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். நம் சைக்கிள்காரர் சிம்ஹகட்டில் ஒரு மணி நேரம் ஈர்ப்பை எதிர்த்துச் செய்த மொத்த வேலையும் 96 லிட்டர் தண்ணீர் இங்கே விழும்போது வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம். ஐந்து குடத் தண்ணீர்! இதைக் கேட்டு யாரும் மனம் தளர வேண்டாம். மனித உடல் எவ்வளவு சிறிய ஆற்றலைக் கொண்டு எவ்வளவு பெரிய நிலப்பரப்பைக் கடக்கிறது என்பதைத்தான் இந்த எண் எனக்குச் சொல்கிறது.

விளிம்புக்கு வர வர மழை கூடுகிறது. புனே நகரில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தாம்ஹிணிப் பகுதியில் 6,000-ஐத் தாண்டும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக் காற்று சுவரில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. 2024 ஜூலைக் கடைசி வாரத்தில் தாம்ஹிணியில் ஒரே நாளில் 556 மில்லிமீட்டர் கொட்டியது. மேற்கே ஓட்டிக்கொண்டே போனால் ஒரு காலைப் பொழுதுக்குள் புல்வெளியும் வேலியும் மாறி, பசுமைமாறாக் காடு சாலையைச் சூழ்ந்துகொள்ளும். தாம்ஹிணி வனவிலங்கு சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. சரிவெங்கும் கார்வி புதர். நம் குறிஞ்சியின் நெருங்கிய உறவு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதுபோல் கார்வி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கிறது. அதன் வேர் சரிவு மண்ணைப் பிடித்து நிற்கிறது என்பது பூவைவிட முக்கியமான செய்தி.

மழைக்காலத்தில் வியர்வைக் கணக்கு மாறுகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை எளிதில் ஆவியாகாது. அப்போது குளிர்விப்பது மழையேதான். உடலில் பட்டு வழியும் நீர் நேரடியாக வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மழை கோட்டு போட்டுக்கொண்டு ஏறுகிறவர் அந்த வழியையும் அடைத்துக்கொள்கிறார். ஏறும்போது நனைவதும், உச்சியில் இறக்கத்துக்கு முன் கோட்டு போடுவதும்தான் சரியான வரிசை.

அடுத்தது மூச்சு. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறோம். ஏற்றத்தில் அது 50 லிட்டரைத் தாண்டும். வாய் வழியாக, ஆழமாக. மூக்கின் வடிகட்டல் இல்லை. பாரம் ஏற்றிய லாரி அதே ஏற்றத்தில் தன் எந்திரத்தை முழு வலிமையில் முறுக்கிக்கொண்டு, அதிகப் புகையைக் கக்கிக்கொண்டு, சைக்கிளைவிடச் சற்றே வேகமாகக் கடந்து போகும். சமதளத்தில் ஒரு நொடியில் விலகிவிடும் புகைக்குள் இங்கே அரை நிமிடம் ஓட்ட வேண்டியிருக்கும். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர் இழுப்பதைப்போல் ஆறேழு மடங்கு காற்றை இவர் இழுக்கிறார். அமைதியான சாலை என்று நாம் கேட்பது காதுக்காக மட்டும் இல்லை.

காதுக்காகவும்தான். காற்று காதில் எழுப்பும் இரைச்சல் வேகத்தோடு மிகக் கூர்மையாக உயரும். 30 கிலோமீட்டரில் பின்னால் வரும் வண்டி நெருங்கும்வரை கேட்பதே சிரமம். 9 கிலோமீட்டரில் அந்த இரைச்சல் அநேகமாக இல்லை. இரண்டு வளைவுக்கு அப்பால் வரும் பேருந்தும் கேட்கும்; மழை தொடங்கிய நாள்களில் ஓடைக்கரையில் சீட்டியடிக்கும் சீகாரப் பூங்குருவியும் கேட்கும்.

ஆகவே ஏறும் உடலுக்கு நிழலும் புகையில்லாக் காற்றும் வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது இவை இரண்டும்தான். ஓர மரம் விழும், வண்டி பெருகும். சஹ்யாத்ரியில் மூன்றாவது ஒன்றும் உண்டு. எரிமலைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்த இடைவெளிகளில் தண்ணீர் கசிகிறது. மேலே, குழம்பு ஆறும்போது விழுந்த செங்குத்து விரிசல்கள். அவற்றின் மேல் சிதைந்த மண். சரிவின் பாதத்தைச் சாலைக்காக வெட்டினால் மேலே இருப்பதைத் தாங்குவது குறைகிறது. 2014 ஜூலை 30 அன்று புனே மாவட்டத்தின் மாளீண் கிராமத்தின் மேல் மலைச்சரிவு இறங்கி சுமார் 150 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணங்கள் பல. பெருமழையும் சரிவைச் சமன்படுத்தியதும் பேசப்பட்டன. இந்த மலைச் சரிவுகள் எவ்வளவு நுட்பமான சமநிலையில் நிற்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கணவாய்ச் சாலைகளுக்கு நல்ல தார், வடிகால், வளைவில் தடுப்புச் சுவர், பார வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு ஆகியவை போதும் என்பது என் உறுதியான கருத்து. அகலம் வேண்டாம்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். சிம்ஹகட் ஏறிச் சேமித்த 4,70,000 ஜூலும் இப்போது வெப்பமாக எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்து மணிக்கு 20-ல் இறங்கினால் காற்று தடுப்பது ஏழில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி ரிம்மிலோ டிஸ்க்கிலோ சூடாக ஏறும். 40-ல் இறங்கினால் காற்றே பாதிக்கு மேல் பிடித்துவிடும். நேரான இடத்தில் ஓடவிட்டு, வளைவுக்கு முன் நன்றாக ஒருமுறை அழுத்தி, விட்டுவிடுவது பிரேக்கைக் காப்பாற்றும். எட்டு மீட்டர் ஆரம் உள்ள கொண்டை ஊசி வளைவில் காய்ந்த தாரில் 28-க்கு மேல் போகக் கூடாது. நனைந்திருந்தால் 20. நிழலில் பாசி படிந்திருந்தால் அதிலும் பாதி. மரம் வேண்டும் என்று கேட்கிறவர் பாசியையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

தாம்ஹிணி வழியாகக் கொங்கணத்தில் இறங்கியவருக்குத் திரும்பும்போதுதான் உண்மையான ஏற்றம்; சுவரின் முழு உயரமும். அதற்கு நேரம் பார்க்க வேண்டும். சரிவு மேற்கு நோக்கி இருப்பதால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும். சாலையின் பெரும்பகுதி எட்டரை ஒன்பது மணிவரை மலையின் நிழலிலேயே கிடக்கும். பிற்பகலில் அதே சாலை வெயிலை நேராக வாங்கும், அதுவும் கடலோரத்துப் புழுக்கத்தோடு. ஒரே நாளில் போய்த் திரும்பத் துடிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பிற்பகல் இரண்டு மணி ஏற்றத்தில்தான். கொங்கணப் பக்கத்து மாண்காவில் இரவு தங்கி, காலை ஆறு மணிக்கு நிஜாம்பூர் பக்கம் மிதிக்கத் தொடங்கினால், வெயில் சாலையைத் தொடுவதற்குள் விளிம்பைத் தாண்டி முள்ஷி பக்கம் வந்துவிடலாம்.